றுஸ்தாவின் மதிலுக்கு மேலே ஒரு வீடு

சாய்ந்தமருதில் கலியாணமான ஒருத்தி வாடகைக்கு வீடு தேடுகிறாள் என்றால் ஏன் என்று கேட்காத வாய் இருக்காது. இந்தப் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். றினோஸாவுக்கும் வாப்பா கடற்கரைப் பக்கமாக ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடி மௌத்தானார். வருசா வருசம் கரையைத் தின்றுவந்த கடல், போன மாரியில் அவளுடைய குசினிச் சுவரையும் அடுப்போடு சேர்த்து விழுத்திவிட்டது. தங்கை றுஸ்தாவுக்குக் கிடைத்தது ஊர் நடுவிலிருந்த உம்மாவின் வீடு. வீட்டோடு உம்மாவும் கிடைத்தார்.

வீடு போனதைக்கூட றினோஸா பொறுத்துக்கொண்டாள். உம்மா வாய் நிறைய "நம்மட றுஸ்தா" என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. றுஸ்தாவின் மகளுக்கு உம்மா தலை இழுத்துப் பின்னிவிடுகிறார், றுஸ்தாவுக்குப் பிடித்த வட்டிலப்பம் அவிக்கிறார் என்று யாராவது சொன்னால் போதும், இவளுக்கு வயிறு பற்றி எரியும். வெளியே சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் கணவன் அஹ்ஸன் மெல்ல எழுந்து கடைக்குப் போய்விடுவான்.

முதலில் பார்த்தது பள்ளிவாசல் ஒழுங்கைக்குள் ஒரு கீழ்வீடு. நல்ல தண்ணீர், காற்று, வாசலில் ஒரு படிகூட இல்லை. கூட வந்த உம்மா நேரே குளியலறைக்குள் போய், பிடித்து எழும்பக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பக்கத்துச் சின்ன அறையின் யன்னலைத் திறந்தார்.

"கிப்லா எந்தப் பக்கம் மகன்?" என்று அஹ்ஸனிடம் கேட்டார். அவன் கை காட்டினான். தொழும் திசையில் பாய் விரிக்க இடம் போதுமா என்று உம்மா கண்ணாலேயே அளந்தார்.

"இத எடு மகள். நல்ல ஊடு."

றினோஸாவுக்குச் சுருக்கென்றது. வீடு இல்லாத மகளைப் பின் ஒழுங்கைக்குள் ஒளித்து வைக்கப் பார்க்கிறார், றுஸ்தாவின் மானம் போகக்கூடாதாம் என்று நினைத்துக்கொண்டாள். "பாப்பம் உம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்தது றுஸ்தாவின் பின்மதிலை ஒட்டி எழும்பியிருந்த புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. குசினியில் ஒருவர் திரும்பினால் மற்றவர் வெளியே போக வேண்டும். ஆனால் பல்கனிக்குப் போனதும் றினோஸாவின் முகம் மலர்ந்துவிட்டது. றுஸ்தாவின் முற்றம், உடுப்புக் கொடி, தண்ணீர்த் தாங்கியின் உடைந்த மூடி எல்லாம் காலுக்குக் கீழே கிடந்தன. இனி அவள் முற்றத்துக்கு வந்தால் மூத்தவளான இந்த ராத்தாவை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

"கேஸ் சிலிண்டர ஆர் தூக்குற?" என்றான் அஹ்ஸன்.

"நீங்கதான்."

குடிபோன அன்று காலையில் பாற்சோறு ஆக்கினாள். றுஸ்தா மூச்சிரைக்க ஏறி வந்தாள், தனியாக.

"உம்மா எங்க?"

"கீழ கதிரையில இருத்திட்டு வந்தன். அவங்கட முழங்காலுக்கு இந்தப் படி ஏறேலா ராத்தா."

"ஆருக்கிட்ட நடிப்புக் காட்டுறாய்? உன்ட ஊட்டுக்குள்ள மட்டும் நல்லாத்தானே நடக்காங்க."

றுஸ்தாவுக்கு முகம் சிவந்தது. "அந்தக் கீழ் ஊட்ட ஆருக்காகப் பாத்தாங்க எண்டு நினைச்சீங்க? ஊடு போன மகளோடதான் இனி இரிக்கப்போறன் எண்டு பாய், தஸ்பீஹ் மணி, மருந்தெல்லாம் பேக்குல கட்டி வெச்சிருந்தாங்க. நீங்க வாயால ஒருக்கா வாங்க எண்டு கூப்பிடுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு எரிஞ்ச எரிவு உங்களுக்குத் தெரியா. நீங்க இந்த மாடிய எடுத்தீங்க எண்டு கேட்டதும் சந்தோசப்பட்டன். அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும்."

"அந்த ஊடு இப்ப..."

"அதுக்கு ஆக்கள் வந்துட்டாங்க ராத்தா."

றினோஸா ஒரு கோப்பையில் பாற்சோற்றைப் போட்டுக்கொண்டு கீழே ஓடினாள். உம்மா படிக்கட்டின் கைப்பிடியில் கை வைத்தபடி கதிரையில் இருந்தார். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார்.

"நல்லா இரிக்கி மகள்."

"உம்மா, ஏன் செல்லல்ல?"

"மகள்ட ஊட்டுக்கு நானா எப்படிக் கேட்டு வாற? நீதானே கூப்பிடணும்."

றினோஸா படிகளை அண்ணாந்து பார்த்தாள். இப்போது கூப்பிட்டால் எங்கே கூட்டிப்போவது? உம்மா முழங்காலை அழுத்திக்கொண்டு எழுந்தார், பின்னாலேயே இறங்கி வந்த றுஸ்தா கையைப் பிடித்தாள்.

மேலே வந்து பல்கனியில் நின்றபோது, கீழே உம்மா றுஸ்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தார். றுஸ்தா அண்ணாந்து பார்க்கவே இல்லை. உம்மாவை உள்ளே விட்டுவிட்டு வந்து, அவருடைய தொழுகைத் துப்பட்டியைக் கட்டி வைத்திருந்த பேக்கிலிருந்து எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். மூன்றாம் மாடியிலிருந்து அதன் ஓரத் தையல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.