ஐந்தாவது பீடம்

மூன்றாவது பீடத்தையும் சின்னவள் முதுகு கொடுத்து வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டாள். தரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். நடுவில் கட்டிலில் அம்மா கிடந்தாள். சுடுகாட்டு வண்டி நாலு மணிக்கு வரும்.

“இடுப்பு புடிச்சுக்கும்டி. உள்ள மணல் மூட்டை இருக்கு,” என்றாள் கால்மாட்டில் இருந்த அக்கா.

“இருக்கட்டும். வர்றவங்க நிக்க இடம் வேண்டாமா? இதென்ன வீடா, கடையா?”

காலையில் வந்ததுமே அக்கா ஒரு பீடத்தைத் தலைமாட்டுக்கு நகர்த்தி, அதன் மேல் அம்மாவின் படத்தை வைத்து, இரண்டடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். சின்னவளுக்கு அப்போது பிடித்த கோபம்.

வீடுகளை அலங்கரிப்பது அக்காவின் தொழில். பெரிய வீடுகளுக்குப் போய் எந்த மூலையில் எது நிற்க வேண்டும் என்று சொல்வாள். தரையில் கிடந்தால் ஜாடி, தூக்கி வைத்தால் சிற்பம் என்பது அவள் கட்சி. இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா வீட்டுக்கும் அந்த யோகம் அடித்தது. பலகையில் செய்து வெள்ளைப் பூச்சு பூசிய ஆறு பீடங்கள், இடுப்பு உயரத்தில், படுக்கையறை வாசலிலிருந்து ஜன்னல் வரை வந்து நின்றன. ஒன்றின் மேல் மண் ஜாடி, ஒன்றின் மேல் காய்ந்த வேர்க்கட்டை. ஒன்றின் மேல் ஒன்றுமே இல்லை. “காலி இடமும் ஒரு அழகுதாம்மா,” என்று அக்கா விளக்கினாள். மறுநாளே அம்மா அதன் மேல் தன் மூக்குக்கண்ணாடியையும் பாதி உரித்த வாழைப்பழத்தையும் வைத்தாள். “ஏதோ என்னால ஆனது,” என்றாள்.

முழங்கால் விட்டுப்போனபின் அந்தப் பீடங்களே அம்மாவுக்குக் கைப்பிடியாயின. ஒன்றைப் பிடித்து மூச்சு வாங்கி, அடுத்ததற்குக் கை நீட்டி, அப்படியே ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஊன்றுகோல் மூலையில் தூசி தின்றது. அதைப் பார்த்த அக்கா அன்றே மணல் வாங்கிவந்து, ஒவ்வொரு பீடத்தின் அடிப்பலகையையும் கழற்றி இரண்டிரண்டு மூட்டை வைத்துத் திருகாணி முடுக்கினாள். “இனி யானை புடிச்சாலும் சாயாது.”

மூன்று வாரத்துக்கு முன் ஐந்தாவது பீடம் சாய்ந்தது, அம்மாவோடு. சத்தம் கேட்டு ஓடிவந்த சின்னவள்தான் அதை நிமிர்த்தி வைத்தாள். இடுப்பெலும்பு, ஆஸ்பத்திரி, நெஞ்சில் சளி. நேற்று விடியலில் எல்லாம் முடிந்தது.

நாலாவதையும் வெளியேற்றிவிட்டு ஐந்தாவதற்கு வந்தபோது மாமா எழுந்தார். அம்மாவின் தம்பி, நாக்கில் நரம்பில்லாதவர்.

“நீ நகரும்மா, நான் பாக்குறேன்,” என்று மூச்சைப் பிடித்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கியவர், தூக்கிய வேகத்தில் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். பீடம் பச்சைக் குழந்தைபோல் அவர் மார்பில் இருந்தது.

“இது பஞ்சு மாதிரி இருக்கே.” குலுக்கிப் பார்த்தார். “உள்ள ஒண்ணுமே இல்ல.” அக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஊரான் வீட்டுக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செய்யற. பெத்தவ புடிச்சு நடக்கறதுக்கு ரெண்டு மூட்டை மண்ணு வெக்க மனசு வரலையா?”

“வெச்சேன் மாமா.”

“வெச்சது றெக்கை கட்டிப் பறந்துடுச்சா?”

“வெச்சேன்னுதான்...” அக்கா நிறுத்தினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மறுபடியும் முதலிலிருந்து மடக்கினாள். “நடுவுல ஒரு போன் வந்துது. எந்திரிச்சுப் போனேன். தெரியல மாமா.”

“தெரியலயாம். அழகு பாக்க மட்டும் தெரியும்.”

யாரோ உச்சுக் கொட்டினார்கள். சின்னவளுக்குக் காது சுட்டது. மாமாவை அறைய வேண்டும் போலிருந்தது. அவரைவிட, திருப்பிக் கேட்காமல் விரல் மடக்கிக்கொண்டிருக்கும் அக்காவை. எப்போதும் எல்லாம் தெரிந்தவள், இன்றைக்கென்று பார்த்துத் தெரியவில்லையாம்.

அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“நான்தான் எடுத்தேன்.”

“எதை?”

“மணலை. மழைக்காலத்துல. துணி காயப்போடற ஸ்டாண்டை விரிக்க இடமில்ல. தினம் ரெண்டு வேளை அந்தச் சனியனை நகர்த்தணும். இன்னைக்கு முன்னால நீ ஒரு தடவையாவது நகர்த்திப் பாத்திருக்கியா? வருவ, நாலு போட்டோ எடுப்ப, போவ. அம்மா நனைச்ச துணியைத் தொவைச்சது நான், பிழிஞ்சது நான். முதுகு விட்டுப்போச்சு எனக்கு.” மூச்சு வாங்கியது. “வெயில் வந்ததும் திரும்ப வெச்சுக்கலாம்னு நெனச்சேன். வெக்கல. மணலைப் பூந்தொட்டில கொட்டிட்டேன். போதுமா?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை இறுக்கி மூடினாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“சொல்லல.”

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தாள். பதிலுக்குக் கத்த இரண்டு வருடத்து வார்த்தைகள் தொண்டையில் வரிசைகட்டி நின்றன. அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூடத்தில் மாமா, புதிதாக வந்திருந்த ஒரு தம்பதிக்குக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும், “என்ன, ஞாபகம் வந்துதா?” என்றார்.

“வந்துது மாமா. நான்தான் மறந்துட்டேன். அஞ்சாவதுக்கு வெக்கல.”

வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் குரல் சீராக இருந்தது. கதவருகே நின்ற சின்னவள் ஓரடி முன்னால் வந்தாள். இதையும் இவளே எடுத்துக்கொண்டாளா? ஒரு வார்த்தை கேட்டாளா? வாயைத் திறந்தாள். மாமாவும் அந்தத் தம்பதியும் சுவரோரம் இருந்தவர்களும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

அக்கா கட்டிலருகே மண்டியிட்டாள். அம்மா மேல் போர்த்தியிருந்த துணி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண்ணால் அளந்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டாள்.

சின்னவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அக்காவைப் பார்க்காமல் துணியைத் தன் பக்கம் ஒரு விரல் அகலம் இழுத்தாள். பிறகு இன்னும் ஒரு விரல்.

அந்தப் பக்கம் அக்காவின் கை துணியின் மேலேயே இருந்தது. திருப்பி இழுக்கவில்லை.