ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்த கயிறு

திங்கட்கிழமை காலை, திண்டிவனத்தில் நாங்கள் மூன்று குடித்தனமாக இருந்த வீட்டின் பின் தோட்டத்தில் கூடியவர்கள்: கிணற்று மேடையில், புகார் சொன்ன கண்ணையன். பின்கட்டு வாசற்படியில், முறத்தில் கேப்பை புடைத்தபடி அவர் மனைவி சின்னபொண்ணு. துவைக்கிற கல்லின்மேல், மடியில் பலகையும் காகிதமுமாக முன்னறைக்காரனான நான், நடராசன். சவுரியம்மாள் மட்டும் உட்காரவில்லை. தன் கோழிகளை மூடியிருந்த மூங்கில் பஞ்சாரத்தின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரர் சீனுவாசன் விழுப்புரத்தில் இருந்தார். கோழிகள் கத்தரி நாற்றைக் கெடுத்துவிட்டதாகக் கண்ணையன் முந்தின மாலை ரயிலில் ஆளனுப்பிச் சொன்ன புகாருக்கு, அந்த ஆளிடமே அவர் சொல்லியனுப்பிய பதில் இதுதான்: நடராசன் விசாரித்து எழுதட்டும்; நாற்றைக் கெடுத்தது கோழிதான் என்றால் அந்த அம்மாள் ஆடி கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யட்டும்.

வேறு வீடு கிடைக்காமல் போகாது. ஆனால் அவள் கணவர் அந்தோணிசாமி ரங்கூனில் இருந்தார். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. கூடப் போனவர்களில் சிலர் காட்டு வழியாக நடந்தே திரும்பியிருந்தார்கள். கடிதம் வந்தாலும் ஆளே வந்தாலும் இந்தக் கதவுக்குத்தான் வரவேண்டும். அவருக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான்.

"வந்து பாரு நடராசு" என்று கண்ணையன் கூப்பிட்டார். ஒரு கத்தரிப் பாத்தி முழுக்க நாற்றுகள் வேர் மேலாகக் கிடந்தன. மண் குழிகுழியாகக் கிளறியிருந்தது. "நேத்து ஒலக்கூர் போயிட்டு வர்றோம், இப்பிடிக் கெடக்குது."

"எங்கோழி செடியில கெளறாதுண்ணா" என்றாள் சவுரியம்மாள், என்னைப் பார்க்காமல்.

அவள் கோழிகளை வேலை வாங்குகிற விதம் எங்களுக்குத் தெரியும். காலிப் பாத்தியின்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பாள். கோழிகள் உள்ளேயே கிளறிப் புழுவைத் தின்று எருவும் போடும். பிறகு பஞ்சாரம் அடுத்த பாத்திக்கு நகரும். செடி நிற்கிற இடத்தில் விடும்போது இரண்டு காலையும் சின்னக் கயிற்றால் பிணைத்துவிடுவாள். நடக்கலாம், கொத்தலாம், கிளற முடியாது.

"கோழிக்கே விலங்கு மாட்டற ஜெயிலரு!" என்று கண்ணையன் சிரித்தார். "அப்போ கெளறினது யாரு? எம் பொஞ்சாதியா?"

"உன்னப் பொதைக்கறதுன்னா கெளறுவேன்" என்றாள் சின்னபொண்ணு, முறத்திலிருந்து தலை தூக்காமல்.

"நேற்று கால் கட்டியிருந்ததா?" என்று கேட்டேன். ஒழுங்காக எழுத வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

அவள் ஆமாம் என்றால் புகார் அதோடு முடிந்தது. கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. அவள் விரல்கள் பஞ்சாரத்தின் மூங்கிலை இறுகப் பிடித்தன.

"ஜல்தி சொல்லும்மா, பேஜாரு பண்ணாத" என்றார் கண்ணையன்.

"கட்டலண்ணா" என்றாள். "நேத்து ஞாயித்துக்கெழம. அன்னிக்கி நமக்கு வேல இல்லன்னா அதுங்களுக்கும் இல்ல. கயித்த அவுத்து, பஞ்சாரத்துல மூடி, மேல கல்லு வெச்சிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். நேத்து அவரு திரும்பி வரணும்னு பூச வெச்சிருந்தேன். நேரமாச்சின்னு ஓடினேன். கல்லு வெக்கல."

பேனாவை மையில் தோய்த்தேன். எழுதக் கை போகவில்லை.

"கேட்டுக்கினியா? அவளே ஒத்துக்கினா. எழுது" என்றார் கண்ணையன். சிரிப்பு போயிருந்தது.

சின்னபொண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, அதுல ஒண்ணக் கால் கட்டி எங்க மீதிப் பாத்தியில வுடு."

"இருக்கறதும் போவணுமா?" என்று கண்ணையன் எகிறினார்.

"போன வருசம் புழு இல்லாம ஒரு காய் தின்னியா? இந்த வருசம் புழுவ யாரு பொறுக்கினது, நீயா?"

சவுரியம்மாள் ஒரு கருப்புக் கோழியைப் பிடித்தாள். கயிற்று முடிச்சு நழுவியது, மறுபடி போட்டாள். கோழி குறுகிய அடிவைத்துச் செடிகளுக்கு நடுவே போயிற்று. ஒரு செடியடியில் நின்று காலைத் தூக்கியது. கண்ணையன் பாதி எழுந்துவிட்டார். கயிறு இழுத்தது. கால் இறங்கியது. கோழி கழுத்தை நீட்டி, இலைக்கு அடியிலிருந்து பச்சைப் புழுவொன்றை இழுத்து விழுங்கிவிட்டு அடுத்த செடிக்குப் போயிற்று.

அது பாத்தியின் மறுமுனையை அடையும்வரை கண்ணையன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இனிமே ஞாயித்துக்கெழம கல்லு நான் வெக்கிறேன்" என்றார் கடைசியில். "உங்க சாமி என்ன ஒண்ணும் செய்யாதில்ல?"

"செய்யாதுண்ணா" என்றாள் சவுரியம்மாள். "எங்கிட்ட நாத்து இருக்குது. சாயங்காலமே உம் பாத்தியில நட்டுத் தர்றேன்."

நான் நடந்தது நடந்தபடி எழுதிப் படித்துக் காட்டினேன். கோழிகள் நாற்றைக் கெடுத்தது உண்மை என்று தொடங்கியிருந்தேன்.

"நிறுத்து" என்றார் கண்ணையன். "அவரு ரெண்டு வரி படிச்சிட்டு மடிச்சி வெச்சிடுவாரு. நாங்க சமாதானமானத மேல போடு."

"நடந்த வரிசையில்தானே எழுத வேண்டும்?"

"நீ வரிசையா எழுது, இவ வரிசையா மூட்டையக் கட்டட்டும்!"

வேறு காகிதம் எடுத்தேன். கண்ணையன் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார் என்று தொடங்கினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

"கோழி செஞ்சதும் இருக்குதாண்ணா?" என்று சவுரியம்மாள் கேட்டாள்.

"இருக்கிறது. கீழே."

"இருக்கட்டும்" என்றவள், உறை ஒட்ட உள்ளே போய் நாலு சோற்றுப் பருக்கை கொண்டுவந்தாள். சீனுவாசன் சம்மதிப்பாரா என்று யாரும் பேசவில்லை. பருக்கையை நசுக்கி, உறையின் வாயை ஒட்டி, விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

அவள் உறையோடு வாசலுக்குப் போனபோது தெருவில் தபால்காரர் வந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும், கடிதம் இல்லை என்று வழக்கம்போல் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டினார். இன்று அவள் எதுவும் கேட்கவில்லை. விரித்த அந்தக் கையில் உறையை வைத்தாள்.