சவுந்தரம் வழியனுப்பிய சாமான்கள்

சவுந்தரம் தானமாகக் கொடுத்த தேக்கு அலமாரி ஜெலுத்தோங் அடுக்குமாடிக்கு நடந்தே திரும்பி வந்து, லிஃப்டில் ஏறி, பன்னிரண்டாம் மாடியில் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டது. பாலிக் புலாவிலிருந்து மலை ஏறி இறங்கி வந்ததில் கால்களில் சேறு. உள்ளே ஜாதிக்காய் வாசம். அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. லிஃப்டை அவ்வளவு நேரம் அடைத்துக்கொண்டதற்காக எதிர்வீட்டு ரோஹானா கொஞ்சம் முணுமுணுத்தாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் பைராம் தோட்டத்துக்குக் கொடுத்த ஆட்டுக்கல், பாலத்தில் மோட்டார் சைக்கிள்களோடு உருண்டு கடல் தாண்டி வந்தது. பின்னாலேயே தையல் மெஷினும் வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் பட்டர்வொர்த்திலிருந்து வரும் மகள் லினெட்டுக்குத்தான் தலைவலி. அம்மா கொடுப்பதை எல்லாம் கீழே இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் அவள்.

கொடுப்பதற்குக் காரணம் இருந்தது. கணவர் இராயப்பன் இறந்தபின், அவர் சேர்த்து வைத்திருந்த தூண்டில் முள், பாடாத ரேடியோ, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிகள் என்று எல்லாவற்றையும் பிரித்து ஒதுக்க சவுந்தரத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அழுதாள். அந்தப் பாடு தன் பெண்ணுக்கு வரக்கூடாது, கண்ணை மூடுவதற்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பதே அவளுடைய வைராக்கியம். இதயம் பலவீனமாக இருப்பதாக டாக்டர் வேறு சொல்லியிருந்தார். சாமான்களோ போன வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தன.

மிக்ஸியைப் பெட்டியில் வைத்துக் கட்டிய அன்றுதான் லினெட்டுக்கு விஷயம் பிடிபட்டது. அம்மா பெட்டியைத் தட்டிக்கொடுத்து, “போயிட்டு வா” என்றாள்.

“இப்படிச் சொன்னா வராம என்னா செய்யும்மா? போன்னு சொல்லுங்க லா.”

“வீட்ட விட்டுக் கெளம்புறத எப்படிடி போன்னு சொல்றது? வாயே வரமாட்டேங்குது.”

கேஸ் கொண்டுவருகிறவரைக்கூட அப்படித்தான் வழியனுப்பிப் பழகிய வாய். ஆனாலும் சவுந்தரம் விடவில்லை. முதலில் கரண்டிகளிடம், பிறகு கட்டிலிடம், மனதைக் கல்லாக்கிக்கொண்டு “போ” என்றாள். இராயப்பனின் ஹெல்மெட்டிடம் சொல்வதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. அதன்பின் எதுவும் திரும்பவில்லை. காலி வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து மகளிடம் சொன்னாள்: “நாளைக்கு என்னையும் போங்கன்னு மட்டுந்தான் சொல்லணும். உனக்கு ஒரு சுமையும் இருக்கக் கூடாது, என்னையுஞ் சேத்துத்தான் சொல்றேன்.” லினெட் தலையாட்டினாள்.

சவுந்தரம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். மிச்சமிருந்தவை இரண்டு சேலை, ஒரு ஜெபமாலை, அந்தப் பாய். லினெட் கலக்கிவைத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இப்படி ஒரு அம்மா யாருக்குக் கிடைப்பாள் என்று உறவுக்காரர்கள் வியந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பிடி மண்ணோடு குழிக்கருகே நின்றபோதும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு லினெட்டுக்கு நினைவிருந்தது. “போ” வரை சரியாகத்தான் சொன்னாள். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மீதியை வாய் தானாகவே முடித்துவிட்டது. “போயிட்டு வாங்கம்மா” என்று சொல்லி மண்ணைப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று வந்து கதவைத் திறந்தால், அம்மா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“நான் சொன்னது என்னா, நீ செஞ்சது என்னா?” என்று ஆரம்பித்தாள். திட்டி முடித்ததும், கால் வலிக்கிறது, இந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலிகூடவா இல்லை என்று கேட்டாள். ரோஹானா எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். லினெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள்.