சச்சி அண்ணையின் இமைகள்

இன்னும் ஒருதரம் மூடினால் சொல்லிவிடுவேன். இந்தமுறை கட்டாயம் சொல்லிவிடுவேன். இல்லை, திறந்துவிட்டார். சிவந்துதான் இருக்கிறது, ஆனால் திறந்திருக்கிறது. பாலம் முடியும்வரை பார்ப்போம்.

பிரசாந்தினி பின்சீற்றில் இருந்தபடி முன்னால் தொங்கிய சிறிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வண்டி ஓட்டும் சச்சி அண்ணையின் கண்கள் மட்டும் தெரிந்தன. முகத்தை விட்டுக் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அவை யாரோ அந்நியனுடையவை போலாகிவிடும். இமை மெல்ல இறங்கும். பாதியில் நிற்கும். பிறகு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திடுக்கென்று மேலே போகும். அந்தப் பாதியில் நிற்கிற நேரத்தில் அவளுடைய வலது கால் தன்பாட்டில் வண்டியின் தரையை அழுத்தும்.

பக்கத்தில் மகள் யாதவி, நீட்டிய காலைத் தலையணைமேல் வைத்தபடி, கண்ணாடிச் சன்னலில் விரலால் பூனை கீறிக்கொண்டிருந்தாள். வெளியே பேர்ண் நகரத்து லொறைன் பாலம். பாலத்துக்குக் கீழே, எவ்வளவு ஆழத்தில் என்று பிரசாந்தினி ஒருநாளும் எட்டிப் பார்க்கத் துணியாத ஆழத்தில், ஆரே ஆறு.

பாலம் முடிந்தது. அவள் அன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் விழுந்து யாதவி தொடை எலும்பை முறித்துக்கொண்டது ஒக்டோபரில். காலை ஊன்றவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் இரண்டுநாள் வீடிருக்கும் பும்பிளிட்ஸிலிருந்து நகரத்தின் மறுகரைக்கு, காலுக்குப் பயிற்சி தரும் ஃபிசியோவுக்குப் போகவேண்டும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை கோயில். கணவன் தவச்செல்வனுக்கு லுசேர்ணில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. விடியவே ரயில் ஏறினால் பிள்ளை படுத்தபிறகுதான் வருவான். பிரசாந்தினிக்கு லைசென்ஸ் இல்லை. சக்கர நாற்காலியோடு தனியாக ட்ராம் ஏறி இறங்குவதை அவள் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

"சச்சி அண்ணை இருக்கேக்கை என்ன யோசனை? மாதம் மாதம் ஏதாவது குடுத்தாச் சரி. வேறை ஆளெண்டா வாசலிலை நிண்டு ஹோர்ன் அடிப்பான். இவர் மேலை வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்," என்றான் செல்வன்.

அது உண்மைதான். சச்சிதானந்தனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரவில் ஒரு பெரிய பேக்கரியில் வேலை. பகலில் தன் வானில் தெரிந்த குடும்பங்களை ஏற்றி இறக்குவார். ஆஸ்பத்திரி, கோயில், சாமத்தியவீடு என்று பேர்ணுக்குள் எங்கே வேண்டுமானாலும் வருவார். செல்வன் அகதியாக வந்து இறங்கிய குளிர்காலத்தில் அவனைத் தன் அறையில் வைத்துச் சோறு போட்டவர் அவர். அந்தச் சோறு இன்னமும் இந்த வீட்டில் செரிக்கவில்லை என்று பிரசாந்தினி சிலவேளை நினைப்பாள். நினைத்துவிட்டுத் தன்மேலேயே வெட்கப்படுவாள்.

ஆகவே அவருக்குச் சாப்பாடு போடுவது, யாரும் சொல்லாமலே, அவளுடைய கடமையாயிற்று. ஃபிசியோவில் டெர்மின், குறித்துத் தந்த நேரம், இரண்டரை என்றால் அவர் ஒன்றரைக்கே வந்துவிடுவார். கை நனைக்காமல் அவரை எழும்ப விடமுடியுமா? சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி.

"பிள்ளை, உங்கடை கைக்கு ஒரு ருசி இருக்கு. எங்கடை மனிசி வைக்கிற குழம்பைக் காட்டினா மீனே திரும்பி ஆத்துக்கை பாயும்."

யாதவி விழுந்து விழுந்து சிரிப்பாள். பிரசாந்தினி இன்னும் ஒரு அகப்பை சோறு வைப்பாள். "காணும் பிள்ளை, காணும்" என்று அவர் கையால் மறைக்க, அந்தக் கைக்கு மேலாலேயே வைப்பாள். அப்படித்தான் வைக்கவேண்டும்.

அந்த இமைகள் விழுவதற்கு அந்தச் சோறுதான் காரணம் என்று அவள் கண்டுபிடிக்க மூன்று கிழமை பிடித்தது. இரவு முழுக்கக் கண்விழித்த மனிதனை வயிறு நிறையச் சோறு போட்டு, சூடாக்கி விட்டிருக்கும் வானுக்குள் இருத்தி, அவரிடம் தன் பிள்ளையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தன் கையால். இன்னும் ஒரு அகப்பை வைத்து.

அதற்குமுன் அவள் செய்த தந்திரங்கள் வேறு. வழிநெடுக ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். வானுக்கு என்ன டயர், மகன் ஜெனுசன் என்ன படிக்கிறான், பெற்றோல் என்ன விலை. அவளுக்குப் பெற்றோல் விலை எதற்கு? சன்னலைத் திறப்பாள். "அம்மா, குளிருது!" என்று யாதவி கத்துவாள். ஒருநாள் துணிந்து, "அண்ணை, நித்திரை காணுதோ உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எங்கை பிள்ளை! படுக்கையிலை போட்டாக் கண் மூடாது. ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் ஒரு நிம்மதி," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சிரித்தபடி சன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

அடுத்தமுறை சோறு வைக்கவில்லை. கடும் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் வைத்தாள். சமைக்க நேரம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னாள். அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார். அன்று கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் விழித்தே இருந்தன. ஆனால் மறுநாள் செல்வன் குசினி இடைவேளையில் போன் எடுத்தான்.

"அண்ணையை வெறும் தேத்தண்ணியோடையோ அனுப்பினனீ?"

"அவர் சொன்னவரோ?"

"அவர் சொல்லுவாரோ? அவற்றை மனிசிதான் எனக்குச் சொன்னவ. அவ கேட்டிருக்கிறா, என்ன இண்டைக்குப் பசியோட வந்தனீங்கள் எண்டு. என்னை அவர் ஒருநாள் பசியோட படுக்க விட்டவரில்லை, பிரசா."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் சோறு வைத்தாள். தலை குனிந்தபடி, அளவாக. அவர் தானாகவே கேட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று பனிப்புகார். பாலத்தின் மறுமுனை தெரியவில்லை. வானுக்குள் சூடு. பாலத்தின் நடுவில் இமை இறங்கியது. பாதியில் நிற்கவில்லை. முழுவதாக இறங்கி, அப்படியே இருந்தது.

கத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணை, எழும்புங்கோ. அந்த இரண்டு சொல்லும் வெளியே வரவில்லை. நித்திரை கொள்கிறீர்கள் என்று ஒரு மனிதருக்கு எப்படிச் சொல்வது? வான் மெதுவாக, ஏதோ முடிவெடுத்ததுபோல, வலப்பக்கம் சாயத் தொடங்கியது. அப்போது அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அண்ணை, குழம்புக்கு உப்பு சரியோ?"

சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி அடித்தது. சைக்கிளில் போன ஒரு பெண் பாலத்துக் கம்பியோடு ஒதுங்கிக் கூக்குரலிட்டாள். வானின் பக்கக் கண்ணாடி எதிலோ மோதி மடிந்தது. யாதவியின் கால் தலையணையிலிருந்து வழுக்க, பிள்ளை வீரிட்டாள். பிரசாந்தினி இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

வான் நின்றது. சைக்கிள்காரி நெற்றியைத் தட்டிக் காட்டி ஏதோ திட்டிவிட்டுப் புகாருக்குள் போனாள்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. வெய்யில் கண்ணுக்கை குத்திப்போட்டுது பிள்ளை," என்றார் சச்சி அண்ணை. 

வெளியே வெயிலே இல்லை.

"மாமா நித்திரை கொண்டவர்," என்றாள் யாதவி அழுகைக்கு நடுவே. "நான் பாத்தனான். வாயும் திறந்திருந்தது."

"சும்மா இரு," என்றாள் பிரசாந்தினி. சொன்னபிறகு தன் குரலைத் தானே கேட்டாள். உயிர் போகப்போகிற நேரத்திலும் உப்பைக் கேட்டவள். உண்மையைச் சொன்ன பிள்ளையின் வாயை அடைக்கிறவள். விழுந்து செத்திருந்தால்கூட மரியாதையாகச் செத்திருப்பேன், இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. அந்த எண்ணம் பாலத்தைவிட அவளைப் பயமுறுத்தியது.

அடுத்த திங்கட்கிழமை செல்வனுக்கு ஓய்வுநாள். ஃபிசியோவில் அன்றைக்கு நேரம் மாற்றித் தந்திருந்தார்கள். காலையிலேயே அவள் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டான். கேட்கவில்லை என்று சொல்லமுடியாது.

"இந்த ஊரிலை முப்பது வருசமா ஓடுறவர். ஒருநாள் கண் அயர்ந்தா மனிசனைக் கொலைகாரன் மாதிரிக் கதைக்கிறதோ?"

"ஒருநாள் இல்லையப்பா. ஒவ்வொருநாளும்."

"இன்னும் மூண்டு கிழமையிலை பிள்ளை காலை ஊண்டிடுவாள்தானே. நான் அவரிட்டை எந்த முகத்தோட வேண்டாமெண்டு சொல்லுறது?"

அந்த முகத்தைத்தான் அவளும் இவ்வளவு நாள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

சச்சி அண்ணை ஒன்றரைக்கு வந்தார். செல்வனே சோறு போட்டான், பக்கத்தில் இருந்து தானும் சாப்பிட்டான். சாப்பாட்டின் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணை, உங்கடை தங்கச்சி பிரசாவுக்குப் பயமாம். நீங்கள் வானுக்கை குறட்டை விடுறீங்களாம்."

சோறு பிசைந்த அண்ணையின் கை ஒருகணம் நின்றது. பிறகு அவரும் சிரித்தார். "குறட்டை விட்டாலும் வான் வழி தெரிஞ்சு போகும், தம்பி. மாடு மாதிரி."

இரண்டுபேரும் சிரித்தார்கள். அவள் அடுப்படியில் யாதவிக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வாரை மாட்ட முடியவில்லை.

கீழே வான் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சூடு போட்டு விட்டிருந்தார். பிரசாந்தினி சக்கர நாற்காலியைக் கதவுக்குக் கிட்டவாகத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு எட்டு முன்னால் நிறுத்தினாள். பிள்ளையைத் தூக்க சச்சி அண்ணை குனிந்தார். அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.

"என்ன பிரசா? ஏறு. நேரம் போகுது," என்றான் செல்வன்.

"நாங்கள் ட்ராமிலை போறம்."

"விசரே உனக்கு? ஸ்டேஷனிலை மாறவேணும். அண்ணையை விட்டிட்டு நான் வரமாட்டன். தனிய எப்பிடி ஏத்துவாய்?"

"ஆரையும் கேப்பன்."

செல்வனின் முகம் கறுத்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, அண்ணையைத்தான் பார்த்தான். அவள் பயந்த அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. அவமானம், மன்னிப்பு, இன்றிரவு வீட்டில் இருக்கப்போகிற மௌனம்.  பயம் போய்விடவில்லை. அது இப்போது வேறு பக்கத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

சச்சி அண்ணை நிமிர்ந்தார். பகிடி எதுவும் இல்லாத குரலில், செல்வனுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"பிள்ளை, நேற்றிரவு நான் வேலைக்குப் போகேல்லை. உங்களுக்காகத்தான் லீவிலை நிண்டனான். நல்லா நித்திரை கொண்டனான். இண்டைக்கு ஒருநாள் நம்பி ஏறுங்கோ. நீங்கள் ஏறாமல் விட்டா நாளைக்கு ஒருத்தரும் ஏறமாட்டினம்."

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். முகம் முழுவதும் அவளுக்கு முன்னால் இருந்தது. மீசையில் நரை, கன்னத்தில் சவரம் செய்த சிறு வெட்டு. பொல்லாத மனிதர் இல்லை. களைத்த மனிதர். அவளுக்கு அழுகை வந்தது.

"இல்லை அண்ணை," என்றாள் மெதுவாக, யாதவியின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி. "நாங்கள் ஏறேல்லை."