காளிராஜ் முதலாளியின் சாப்பாட்டு விமானம்

பத்திரகாளி சத்தியமாக இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சூடத்தை ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன்.

அறுபத்தொன்றில், ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே காளிராஜ் முதலாளிக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. சங்கு கிடையாது, மணி கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நேரம் வையுங்கள் என்று வேலையாட்கள் கேட்டபோது அவர் வானத்தைக் காட்டினார். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் போகும் விமானம் தினமும் உச்சிப்பொழுதில் கம்பெனிக்கு மேலே பறக்கும். மதுரையில் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பும். அது போகும்போது சோற்றுச் சட்டியைத் திறக்க வேண்டும். திரும்பும்போது மூட வேண்டும்.

கணக்குப்பிள்ளை தனுஷ்கோடியை அனுப்பி இரண்டு விமான நிலையத்துத் தூரத்தையும் விசாரித்திருந்தார். திருவனந்தபுரம் போய் வருவதை வைத்தால் இரண்டு மணி நேரம் வீணாகிவிடும். மதுரைப் பக்கம் என்றால் போகப் பதினாறு நிமிஷம், நிற்கப் பத்து, வரப் பதினாறு. ஆட்கள் முணுமுணுத்தார்கள். உடனே முதலாளி அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்தார்.

"நீங்க சாப்பிட்டுக் கையைக் கழுவுற வரைக்கும் நானும் பச்சைத்தண்ணி தொடமாட்டேன்."

நாற்பத்திரண்டு நிமிஷம்தானே.

ஆடிக் காற்றில் மூன்று நாள் விமானம் வரவில்லை. மூன்று நாளும் சாப்பாடு இல்லை. திரி வெட்டும் பஞ்சம்மாளுக்கு நிறைமாதம். மூன்றாம் நாள் சட்டியைத் திறந்துவிட்டாள். முதலாளி அதை வாங்கி, கடைசிப் பருக்கை வரை மண்ணில் தட்டி, சட்டியைத் துடைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் பிள்ளை செத்துப் பிறந்தது. அவள் அக்கா ராமுத்தாய் மண்ணில் கிடந்த சோற்றை அள்ளி முந்தியில் முடிந்துகொண்டாள்.

புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் மலையாகக் கிடக்கும்போது, மதுரைக்குப் போன விமானம் திரும்பவில்லை.

ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கையைக் கழுவாமல் வீட்டுக்குப் போய்த் தூங்கி, மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார்கள்.

"ஏ ராமுத்தாயி, போதும். எல்லாரும் எந்திரிங்க."

"விமானம் இன்னும் வரலையே மொதலாளி. நீங்க வச்ச நேரத்தை நாங்க மீறலாமா?"

தனுஷ்கோடி மதுரைக்கு ஓடினார். அந்த விமானத்தைத் திருச்சி வழியாக மாற்றிவிட்டார்களாம். இனி இந்தப் பக்கம் வராதாம்.

முதலாளி சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். நாலாம் நாள் அண்ணாந்த கழுத்து அப்படியே நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். பாடையில் படுக்க வைக்கத் தோதுப்படாமல் நாற்காலியில் வைத்துத்தான் தூக்கினோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

மயானத்துக்குப் போகுமுன் அவர் மனைவி பொன்னுத்தங்கம் வாய்க்கரிசியோடு வந்தார். வாய் மேலே பார்த்துத் திறந்தே இருந்ததால் போடுவதற்கு வசதிதான். ராமுத்தாய் குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"பொறுங்க மொதலாளியம்மா. நாங்க இன்னும் கை கழுவலை."

முந்தியை அவிழ்த்தாள். காய்ந்துபோன மண்சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். ஊரே காத்து நின்றது.

அறுபத்தொன்று முழுக்க நான் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தேன், பொய்ச்சாட்சி சொன்ன வழக்கில்.