சீனாவுக்குப் போன அரிசோனா கற்கள்

பூமிக்கு அடியில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து, எரிமலை கக்கியதால் மேலே வந்த கற்களின் வேதியியலை ஒரே வலைத்தளத்தில் சேர்த்து உலகத்துக்கே திறந்து வைப்பது விஷாகாவின் வேலை. கேட்க அழகாக இருக்கும். செய்வதென்னவோ விஞ்ஞானிகளிடம் பிச்சை எடுப்பதுதான். "தரவு எல்லோருக்கும் சொந்தம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள், தங்கள் நோட்டைக் கேட்டால் மட்டும் அடுத்த மாதம் வரச் சொல்வார்கள்.

அவர்களில் மகா கஞ்சர் அமெரிக்காவில் ஃப்ரீமான்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் பத்மநாபன். அரிசோனா பாலைவனத்தில் பொறுக்கிய கற்களின் கணக்கை எட்டு நோட்டுகளில் பூட்டி வைத்திருந்தார். "ஒவ்வொரு கல்லும் எனக்குப் பிள்ளை மாதிரி. இருட்டுல காட்டினாலும் அடையாளம் சொல்வேன்" என்பார். ஆறு வருடம் கெஞ்சியதில் ஒரே ஒரு நோட்டு கிடைத்தது. அதுவும், தன்னைக் கேட்காமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

அதன் பிறகு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தளத்தைப் பார்த்து யாரோ ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள்: அரிசோனாவுக்கு அடியில் இருக்கும் அதே பாறை சீனாவுக்கு அடியிலும் இருக்கிறதாம், எண்கள் நான்காவது தசமம் வரை அச்சு அசலாக. திட்ட இயக்குநர் அச்சுதனுக்குக் கால் தரையில் படவில்லை. வெள்ளிக்கிழமை போக வேண்டிய நிதி நீட்டிப்பு அறிக்கையில் அதுதான் முதல் பக்கம். நிதி நின்றால் விஷாகாவின் வேலையும் நின்றுவிடும்.

புதன்கிழமை அந்த நான்காவது தசமம் அவளை உறுத்தியது. இரட்டைப் பிள்ளைகளுக்கே மச்சம் வேறுபடுமே. தோண்டிப் பார்த்தாள். சீனக் கற்கள் அத்தனையும் பத்மநாபனின் நோட்டிலிருந்து வந்தவை. அமெரிக்கா மேற்கே இருப்பதால் தீர்க்கரேகைக்கு முன்னால் மைனஸ் போட வேண்டும். போடாவிட்டால் வரைபடத்தில் கல் சீனாவில் போய் விழும். அதே கற்கள் அவருடைய பழைய கட்டுரை ஒன்றிலிருந்து எப்போதோ தளத்தில் ஏறி, ஒழுங்காக அரிசோனாவில் கிடந்தன. ஆக, ஒரு கல்லை அதே கல்லோடு ஒப்பிட்டுத்தான் உலகம் வியந்திருக்கிறது. எந்தத் தடிமாடு மைனஸ் போடாமல் இந்த நோட்டை ஏற்றியது என்று பதிவைத் திறந்தாள். ஏற்றியவர் பெயர் விஷாகா என்றிருந்தது.

போனில் சொன்னபோது அச்சுதன் பதறவில்லை. "ஃப்ரைடே ரிப்போர்ட் சப்மிட் பண்ணிடலாம். மண்டே ஃபிக்ஸ் பண்ணிக்கோங்க. இத்தன நாள் சைனால இருந்த கல்லு இன்னும் நாலு நாள் இருக்காதா?"

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சான்டா கிளாரா அலுவலகத்திலிருந்து நேராக ஃப்ரீமான்டுக்குக் காரை விட்டாள்.

"அங்கிள், உங்க கல்லையெல்லாம் நான் சைனாவுல போட்டுட்டேன்" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மீதி ஏழு நோட்டுகளுக்கும் மனதுக்குள் ஒரு முழுக்குப் போட்டாயிற்று.

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்தப் பேப்பரைப் பிரசுரிக்கலாமான்னு ரிவ்யூ பண்ணினது யார் தெரியுமா?"

"ரிவ்யூவர் பேரைத்தான் வெளிய சொல்ல மாட்டாங்களே, அங்கிள்."

"நான்தான்மா. எட்டு மாசம் வச்சுப் பார்த்துட்டு எக்ஸலன்ட்னு எழுதினேன். அரிசோனா கல்லு மாதிரியே இருக்கே, ஆச்சரியம்னு வேற எழுதினேன்."

இருட்டில் அடையாளம் சொல்கிறவர் பட்டப்பகலில் எட்டு மாதம் வைத்துப் பார்த்தும் தன் பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் விட்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து மைனஸைப் போட்டாள். விசா, ஸ்டாம்பிங் எதுவும் இல்லாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு கற்கள் ஒரே நொடியில் சீனாவிலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்தன. தவறு யாருடையது என்று தளம் கேட்டது. தன் பெயரை அடித்தாள். பத்மநாபன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, அதற்குக் கீழே ஒற்றை விரலால் தன் பெயரையும் அடித்தார்.

"வேலை போயிடுமா?"

"போகலாம், அங்கிள்."

அவர் உள்ளே போய் ஏழு நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"போறதுக்குள்ள இதையும் ஏத்திடு. உன்னை மாதிரி தன் தப்பைத் தானே வந்து சொல்றவங்க அங்க வேற யாரு இருக்கா?"