பச்சைத்தண்ணீரில் ஊறிய தேயிலை

புறவாசலில் இசக்கித்தாய் தேயிலை ஊறிய பாத்திரத்தைச் சாய்க்கப் போன நேரத்தில் கலைச்செல்வி அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள். கொஞ்சம் தளும்பி இருவர் காலிலும் விழுந்தது.

“வைங்க மதினி.”

“இந்தப் பச்சத்தண்ணிதாம்ட்டி எந்தம்பிய முழுங்கிட்டு. இன்னும் இத எதுக்கு வச்சிருக்க?”

கலைச்செல்வி பாத்திரத்தைப் பிடுங்கி அடுப்படியில் வைத்தாள். முன்னறையில் இருந்தது ஒரே ஒரு பிளக். விடிந்ததும் ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் பிரிட்ஜின் ஒயரை உருவிவிட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகினார். அதனால்தான் பிரிட்ஜில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. பெட்டிக்குள் அவள் புருஷன் சிவசங்கரன் கிடந்தான். முகம் வீங்கியிருந்தது.

விக்கிரமசிங்கபுரத்தில் அவனைத் தெரியாத டீக்கடை கிடையாது. மில்லில் ஷிப்டு முடிந்து வந்தால் நின்ற நிலையில் இரண்டு கிளாஸ் குடிப்பான். சிறுநீரகம் போன பிறகு வாரம் இருமுறை திருநெல்வேலிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துவர வேண்டியிருந்தது. குடிக்கிற தண்ணீரை டாக்டர் அளந்து கொடுத்தார். டீ என்றால் இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும், தாகம் அப்படியே நிற்கும். நாக்கைச் சுழற்றிக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் கலைச்செல்வி கண்டுபிடித்ததுதான் இது. மலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் இலைத் தேயிலை கொடுத்தாள். முதலில் கலைச்செல்வி அதைக் கொதிக்க வைத்து ஐஸ் போட்டாள். கலங்கிக் கசந்தது. பிறகு அடுப்பே இல்லாமல், ஆறிய தண்ணீரில் இலையைப் போட்டு ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் வைத்தாள். காலையில் துணியில் வடித்தால் தெளிந்த செந்நிறத்தில் இறங்கியது, கசப்பே இல்லை. அதைத் தட்டில் ஊற்றிக் கட்டியாக உறைய வைத்தாள். ஒரு கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு அரைமணி நேரம் கண்ணை மூடிக் கிடப்பான்.

போன மாதம் இசக்கித்தாய் வந்து, கொஞ்ச நாள் தன்னோடு இருக்கட்டும் என்று தம்பியைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போனாள். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் மிஷின் ஊசி ஏற்றிக்கொள்வதாக அவன் போனில் சொன்னான். நேற்றுச் சாயங்காலம் காரிலிருந்து இறங்கியவனுக்குச் செருப்பு காலில் நுழையவில்லை. நாட்டு வைத்தியர் ஒருவர் மிஷின் வேண்டாமென்று சொன்னதால் நிறுத்திவிட்டோம் என்றாள் இசக்கித்தாய். கலைச்செல்வி ஆட்டோவுக்கு ஓடினாள். சிவசங்கரன்தான் தடுத்தான். காலையில் போவோம் என்றான். தேயிலை போட்டுவிட்டாயா என்று கேட்டான். போட்டாள். விடியவில்லை அவனுக்கு.

கோயம்புத்தூரிலிருந்து மகன் வரவேண்டும் என்பதால் எடுப்பது மதியத்துக்கு மேல் ஆகும். வருகிற ஒவ்வொருவரிடமும் இசக்கித்தாய் அழுதுகொண்டே ஐஸ் டீயைப் பற்றிச் சொன்னாள். நீர்கோத்த உடம்புக்கு ஐஸைக் கொடுத்தாள் என்றாள். பெண்கள் கலைச்செல்வியைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். வைத்தியரைப் பற்றி யாரிடமும் அவள் ஒரு சொல் சொல்லவில்லை என்பதைக் கலைச்செல்வி கவனித்துக்கொண்டே இருந்தாள்.

பங்குனி வெயில் தகரத்தில் இறங்கியது. கேன் தண்ணீர் தீர்ந்தது. துஷ்டி வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. கலைச்செல்வி எழுந்தாள். தேயிலையை வடித்து, சீனி போட்டு, எலுமிச்சை பிழிந்து, பாதி கரைந்து மிஞ்சியிருந்த கட்டிகளைத் தட்டிப் போட்டு, தம்ளர் தம்ளராக முன்னறைக்குக் கொண்டுவந்தாள். யாரும் கை நீட்டவில்லை. பார்வதியம்மாள் ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அதன்பின் மற்றவர்களும் எடுத்தார்கள்.

கடைசித் தம்ளரோடு மதினியின் முன்னால் போய் நின்றாள்.

“குடிங்க.”

இசக்கித்தாய் எழுந்து அவள் கையைப் பற்றிப் புறவாசலுக்கு இழுத்துப் போனாள்.

“எத்தன பேரு முன்னால என்னையக் கொலகாரியாக்குனீங்க மதினி? மிஷின நிறுத்துனது நீங்க. அந்த வைத்தியன் பேரச் சொல்லுங்க. இன்னைக்கே போலீசுக்குப் போறேன்.”

“வைத்தியரும் கெடையாது ஒண்ணும் கெடையாது.”

கொடியில் சிவசங்கரனின் கைலி காய்ந்துகொண்டிருந்தது. இசக்கித்தாய் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அவன்தாம்ட்டி போன் போட்டான். ‘அக்கா, இனிமே ஊசி முடியாது. கலைட்டச் சொன்னா விடமாட்டா, இழுத்துட்டுப் போயிருவா. உங்கிட்ட வந்து இருந்துக்கிடுதேன்’னான். காலப் புடிச்சு அழுதேன். யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். கடைசில உங்கிட்ட கொண்டுவிடச் சொன்னான். தானா செத்தான்னு ஊருக்குச் சொல்லச் சொல்லுதியா?”

“அதுக்கு எம்மேல போடுவீங்களா?”

இசக்கித்தாய் அவள் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

கலைச்செல்வி உள்ளே வந்தாள். கண்ணாடிக்குக் கீழே அவன் கண்மூடிக் கிடந்தான். காலையில் போவோம் என்று சொன்ன வாய். எத்தனை பஸ், எத்தனை வரிசை, எத்தனை ராத்திரி. ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். அவள் ஒருவேளை சரியென்றுகூடச் சொல்லியிருப்பாள். அந்த ஒருவேளையையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். பெட்டி அதிர்ந்தது. மறுபடியும் அடித்தாள். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு உரக்க அழுதார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். தெருமுனை வரை போன பெண்கள் அப்படியே ஆற்றுக்குத் திரும்பினார்கள். தாமிரபரணியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். உட்கார்ந்து முங்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிப் போன பின்னும் கலைச்செல்வி தண்ணீரில் இருந்தாள். கரையில் மாற்றுச்சேலை கட்டிக்கொண்ட இசக்கித்தாயும் போகவில்லை.

கலைச்செல்வி ஏறி வந்து உடை மாற்றிக்கொண்டதும், இசக்கித்தாய் அவளது ஈரச்சேலையைக் கல்லிலிருந்து எடுத்தாள். ஒரு தலைப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினாள். சற்று நேரம் அது நீட்டியபடியே இருந்தது. கலைச்செல்வி பிடித்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டி, சொட்டி, நின்றது. கலைச்செல்வி முறுக்குவதை நிறுத்தவில்லை. மறுமுனையை இசக்கித்தாய் இரண்டு கையாலும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.